பேஸ் கிற்றார் றொனால்டின் பிரியாவிடை வைபவம்

கலைஞர்களை எப்படிக் கௌரவிப்பது என்பதை உலகம் இன்னும் சரிவரக் கற்றுக்கொள்ளவில்லை. சில நாடுகளில் சிலை வைக்கிறார்களாம். சில நாடுகளில் தபால் முத்திரை வெளியிடுகிறார்களாம். வைக்கட்டும், வெளியிடட்டும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் குடியிருக்கிறவர்கள் இந்த விடயத்தில் அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டு, கைகழுவி, வெற்றிலையும் போட்டுவிட்டார்கள். நம்பாதவர்கள் பேஸ் கிற்றார் றொனால்டுக்கு நடந்ததைக் கேட்க வேண்டும்.

றொனால்ட் பகலில் வாவிக்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். சனி, ஞாயிறுகளில் ‘வாவி வேவ்ஸ்’ இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறவர். மீசை அரும்பிய காலத்தில் தொடங்கிய வாசிப்பு, மீசை நரைத்த பிறகும் நிற்கவில்லை. கல்யாணம், கோயில் திருவிழா, மாதா திருநாள், பள்ளிக்கூட நூற்றாண்டு, போன் கடைத் திறப்பு விழா என்று அவர் ஏறாத மேடை இல்லை.

பேஸ் கிற்றார் என்பது வீட்டு அத்திவாரம் மாதிரி. அது இருப்பதால்தான் வீடு நிற்கிறது. ஆனால் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த எவரும் ‘அத்திவாரம் நல்ல வடிவு’ என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. றொனால்டுக்கு அதில் மனத்தாங்கலும் இல்லை. பாடகர் முன்னால் நின்று வியர்க்கட்டும், குழுவின் தலைவர் ஏறாவூர் இஷாம் கீபோட்டுக்கு மேல் தலையைச் சிலுப்பட்டும், தான் பின்னால் ட்றம்ஸுக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றால் போதும் என்ற சுபாவம் அவருக்கு.

மனத்தாங்கல் எல்லாம் வேறொரு இடத்தில் இருந்தது. அவருடைய மனைவி டினுஷாவின் காலில்.

பைலாப் பாட்டுத் தொடங்கினால் டினுஷாவின் கால் தரையில் நிற்காது என்று குமரியாக இருந்த காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. அப்படிப்பட்டவள் கல்யாணம் செய்தது பைலா வாசிக்கிறவரை. பொருத்தம் என்றால் இதுதான் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றோடு டினுஷாவின் ஆட்டம் நின்றது. சோடி மேடையில் நிற்கும்போது கீழே யாரோடு ஆடுவது? ஆடப் போகிற பெண்கள் தங்கள் கைப்பைகளை டினுஷாவின் மடியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அது அவளுக்கு ஒரு ‘பதவி’ ஆகிவிட்டது.

போன சித்திரைக்குப் பிறகு ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை டினுஷாவின் சொந்தக்காரன். ஆகவே டினுஷா விருந்தாளி, றொனால்ட் கூலிக்காரன். மேடையிலிருந்து றொனால்ட் பார்த்தார். மனைவியின் மடியில் கைப்பைகள் கோபுரமாக இருந்தன. கோபுரத்துக்கு மேல் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குவதற்குள் அந்த மேசையின் பேச்சு மேடைவரை வந்தது.

“வா புள்ள, ஒருக்கா ஆடுவம்,” என்று ஒரு மச்சாள் இழுத்தாள்.

“என்ட சோடி மேல நிண்டு மற்றாக்களை ஆட்டிக்கொண்டிருக்கு மச்சாள். நீங்க போய் ஆடுங்க. பையைத் தாங்க.”

அடுத்த பாட்டில் றொனால்ட் தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுரம் பிசகி வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. அது வேறு கதை.

அடுத்த ஒத்திகையில் அவர் இஷாமிடம் போனார்.

“மச்சான், நான் விலகப் போறன்.”

“விலகன். அங்கால இடம் கிடக்குத்தானே,” என்றார் இஷாம், கீபோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “ட்றம்ஸ் இடிக்குதா?”

“குழுவில இருந்து விலகப் போறன்.”

இஷாமின் கை நின்றது. “ஆரோட சண்டை?”

“ஒருத்தரோடயும் இல்ல.”

“சண்டை இல்லாம எப்பிடி மச்சான் விலகிற? அது முறையில்லையே!”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ‘வாவி வேவ்ஸ்’ ஒரு மரபுள்ள குழு. அதிலிருந்து சண்டை பிடித்துக்கொண்டு போன பாடகர் ‘நியூ வாவி வேவ்ஸ்’ தொடங்கினார். அவரோடு சண்டை பிடித்தவர் ‘ஒரிஜினல் வாவி வேவ்ஸ்’ தொடங்கினார். அதற்கு எதிராக ‘ரியல் ஒரிஜினல் வாவி வேவ்ஸ்’ என்று ஒன்று களுவாஞ்சிக்குடிப் பக்கம் உலாவுகிறது. கலை இப்படித்தான் வளர வேண்டும்.

“உண்மையைச் சொல்லு,” என்றார் இஷாம். “புதுக் குழுவுக்கு என்ன பேர்?”

“டினுஷாவோட ஆட வேணும், மச்சான்.”

இஷாம் வெகுநேரம் யோசித்தார். “பேர் கொஞ்சம் நீளம்,” என்றார்.

விளங்கப்படுத்தி முடிவதற்குள் இரண்டு தேத்தண்ணி ஆறிப்போனது. விளங்கிய பிறகு இஷாம் எழும்பி வந்து நண்பனைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கீபோட்டில் பேஸ் ஓசைக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதை அமர்த்தாமல் விட்டது நட்புக்காக. இதை அவர் சொல்லவில்லை. றொனால்டுக்கும் அது தெரியும். அவரும் சொல்லவில்லை.

“ஆனா உன்னைச் சும்மா போக விடேலா,” என்றார் இஷாம். “ஊர் ஒரு மரியாதை செய்யத்தானே வேணும்.”

அங்கேதான் மரண உதவிச் சங்கம் கதைக்குள் வருகிறது.

ஊரில் கதிரை, பந்தல், ஒலிபெருக்கி, தேத்தண்ணிக் கேத்தில் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிற ஒரே அமைப்பு அதுதான். ஒரு நிகழ்ச்சியைப் பிசகில்லாமல் நடத்திப் பழகிய அமைப்பும் அதுதான். அதன் தலைவர் திருவாளர் இராயப்பு, ஓய்வுபெற்ற கிளாக்கர். அனுபவத்தால் கனிந்த குரல். அவர் ‘காலை வணக்கம்’ என்று சொன்னாலே கேட்கிற பெண்கள் கண் துடைக்க லேஞ்சியைத் தேடுவார்கள். ‘கலைஞர் றொனால்ட் பிரியாவிடை வைபவ ஏற்பாட்டுக் குழு’ அவருடைய தலைமையில் ஏகமனதாகத் தெரிவாகியது. எதிர்த்து வாக்களிக்க வேறு ஆட்கள் வரவில்லை.

“நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம், தம்பி,” என்றார் இராயப்பு முதற் கூட்டத்தில். “எல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுவம். நீங்க சும்மா கிடந்தாச் சரி.”

“இருந்தா, சேர்,” என்றாள் டினுஷா.

“ஓம், ஓம். இருந்தா.”

கூட்டம் பல பாரதூரமான விடயங்களை ஆராய்ந்தது. வீதியில் வெள்ளைக்கொடி கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. மகிழ்ச்சியான நிகழ்வு என்றபடியால் ஒன்றுவிட்டு ஒன்று நீலக்கொடி கட்டுவதென்று முடிவாயிற்று. “விழா நாயகன்ட தலை எந்தப் பக்கம்?” என்று ஓர் உறுப்பினர் பழக்கதோஷத்தில் கேட்டார். தலை மேல் பக்கம்தான் இருக்கும் என்று தலைவர் தெளிவுபடுத்தினார். ‘ஓசைச் செம்மல்’ என்ற பட்டம் தீர்மானமாயிற்று.

“சேர், கடைசியில ஒரு பைலா வைப்பமா?” என்று றொனால்ட் மெல்லக் கேட்டார்.

இராயப்புவின் முகம் சுருங்கியது. “தம்பி, நிகழ்ச்சிக்கு ஒரு கண்ணியம் வேணும்.”

பதாகை அடிக்கிற கடைக்காரருக்குச் சங்கம் நெடுநாள் வாடிக்கை. அவருடைய கொம்பியூட்டரில் சங்கத்துக்கென்றே ஒரு மாதிரிப் படம் தயாராக இருந்தது. நடுவில் றொனால்டின் புகைப்படம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே, ‘எங்கள் இதயங்களில் என்றும் வாழும் ஓசைச் செம்மல்.’ கீழே பிறந்த ஆண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். பின்னுக்கு உதவும்.

பதாகையின் படம் போனுக்குப் போன் தாவி, வாகரையில் றொனால்டின் பெரியம்மா றோசம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. வைபவத்தன்று காலை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய றோசம்மா சந்தியிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். “என்ட மனே! செத்த எஞ்சினுக்கெல்லாம் உயிர் குடுத்த மனே! உனக்கு உயிர் குடுக்க ஒருத்தர் இல்லாமப் போச்சே!”

தேத்தண்ணிக் கோப்பையோடு படலையைத் திறந்தவர் றொனால்ட்தான்.

“வழியை விடு மனே,” என்றாள் றோசம்மா, கண்ணைத் துடைக்காமலே. “றொனால்டை எங்க வச்சிருக்கு?”

“இஞ்சதான் நிக்கிறன் பெரியம்மா.”

றோசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று போட்டாள். மறுகணம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அதன்பிறகு, “கறுப்புச் சாறி அயல் வீட்டில இரவல் வாங்கினது. உடுத்தது உடுத்தன், உன்ட விழாவையும் பாத்திட்டே போறன்,” என்று உள்ளே போய்ச் சோறு கேட்டாள்.

வைபவம் பின்னேரம் மண்டபத்தில் தொடங்கியது. மேடைக்குக் கீழே நட்டநடுவில் வெள்ளைத்துணி போர்த்த ஒரு சாய்வுக் கதிரை. அதில் றொனால்ட். கழுத்தில் மூச்சுமுட்டும் மாலை. வந்தவர்கள் வரிசையாக வந்து அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். கும்பிட்டார்கள். இடப்பக்கமாகச் சுற்றிப் போய் அமர்ந்து வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார்கள்.

“அப்பிடியே நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கிறார்,” என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்.

பேச்சுகள் தொடங்கின. “அன்னார் ஒருவரையும் நோகடித்ததில்லை,” என்றார் இராயப்பு. மண்டபம் மூக்கை உறிஞ்சியது. அடுத்துப் பேசியவர் அன்னாரின் குரல்வளத்தைப் புகழ்ந்தார். அந்தக் குரலை இனிக் கேட்க மாட்டோமே என்று விம்மினார். றொனால்ட் மேடையில் ஒரு நாளும் பாடியதில்லை. ஆனாலும் கேட்கக் கேட்க அவருக்கே நெஞ்சு இளகிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனிதர்! இருக்கிற காலத்தில் பழகக் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார். கைகள் தாமாகவே நெஞ்சுக்கு மேல் கோத்துக்கொண்டன. கண் சொருகியது. கால் இலேசாகக் குளிர்ந்ததாகக்கூடத் தோன்றியது.

“இப்பொழுது,” என்றார் இராயப்பு, “அனைவரும் எழுந்து ஒரு நிமிட மௌனம்...”

திடுக்கிட்டு றொனால்ட் கண்ணை விழித்தார். எதிரே முன்வரிசையில் டினுஷா. தேத்தண்ணி பரிமாறப் போன பெண்கள் பழக்கத்தில் கைப்பைகளை அவள் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோபுரத்துக்கு மேல் அதே முகம். இன்றைக்கு அது சிரிக்கவில்லை. கீழே கால்களும் ஆடவில்லை.

றொனால்ட் எழும்பினார்.

“எழும்பிட்டான்!” என்று வீரிட்டாள் றோசம்மா. வீட்டில் கன்னத்தில் அறைந்து உறுதிப்படுத்திய விடயம்தான். என்றாலும் அந்த மண்டபத்தில் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

“இஷாம்! பைலா ஒண்டு போடு மச்சான்!”

மேடைக்குப் பக்கத்தில் கீபோட்டோடு நின்ற இஷாம் இராயப்புவைப் பார்த்தார். றொனால்டைப் பார்த்தார். “யா அல்லாஹ்,” என்று சொல்லி, இவ்வளவு காலமும் தொடாத அந்தப் பொத்தானை அமர்த்தினார். பைலா மண்டபத்தின் கூரையைத் தூக்கியது.

றொனால்ட் மனைவியின் மடியிலிருந்த கைப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்வுக் கதிரையில் அடுக்கினார். கழுத்து மாலையைக் கழற்றி அவற்றுக்குப் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

“வா புள்ள.”

“இஞ்சருங்க, எல்லாரும் பாக்கிறாங்க!”

“பாக்கத்தானே வந்திருக்கிறாங்க.”

அன்றுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஊரிலுள்ள கால்களுக்கெல்லாம் தாளம் கொடுத்த றொனால்டுக்குச் சொந்தக் காலில் தாளம் கிடையாது. இடது போக வேண்டிய இடத்தில் வலது போனது. வலது போக வேண்டிய இடத்தில் டினுஷாவின் கால் இருந்தது.

“ஐயோ, என்ட விரல்! இதுக்காகத்தானா இவ்வளவு காலமும் மேடையில ஒளிச்சு நிண்டீங்க?” என்றாள் டினுஷா. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்தபடியே அவருடைய தோளில் கைவைத்துக் காலைப் பழக்கினாள். “ஒண்டு, ரெண்டு, கிறுகுங்க... ஐயோ, மற்றப் பக்கம்!” அவர் கிறுகினார். பிழையான பக்கம்தான். அவள் அந்தப் பக்கம் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

இரவல் கறுப்புச் சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு றோசம்மா இறங்கினாள். மச்சாள்மார் இறங்கினார்கள். மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர், வாழ்நாளில் தோளில் பெட்டி மட்டுமே சுமந்தவர், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நடுவில் வந்து குதித்தார்.

மேடையில் இராயப்பு மட்டும், அனுஷ்டிக்கப்படாத மௌனத்தோடு, தனியாக நின்றார்.

பாட்டு முடிந்ததும் றொனால்டுக்கு மனம் கேட்கவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட மேடையேறிப் போனார். “கோவிக்காதீங்க சேர். சந்தோஷத்தில ஆடிட்டன்.”

இராயப்பு கோபப்படவில்லை. அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

“தம்பி, இந்த ஊரில எத்தினை கலைஞர்மாரை நாங்க கௌரவிச்சிருக்கம். கூத்து அண்ணாவியார், உடுக்கடிச்சவர், நாடகம் எழுதினவர், ஒருத்தருக்கும் ஒரு குறையும் வைக்கல்ல. மாலை, பட்டம், பேச்சு, எல்லாம் இதே மாதிரித்தான்.”

அவர் லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இண்டு வரைக்கும் அதில ஒருத்தராவது கண் திறந்து எங்களை அவமதிச்சதில்ல.”