மதிக்கு ஒன்றும் இல்லை

வல்லக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு.

அரக்கோணத்தில் மாமாவோடும் கபசுரக் குடிநீரோடும் சௌக்கியமாக இருக்கும் என் மரியாதைக்குரிய அக்கா மஞ்சுளா அவர்களுக்கு, தம்பி டில்லிபாபு வணங்கி எழுதுவது. இங்கே நானும் இசைவாணியும் உங்கள் மருமகள் மதிவதனியும் ஆளுக்கொரு மாஸ்க்கோடு நலம். அங்கே உங்கள் நலமும் அப்படியே மூக்குக்கு மேல் ஏறி நிற்க முருகனை வேண்டுகிறேன்.

போன வாரம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது போன் கட்டானதற்குக் காரணம் சார்ஜ் இல்லாததுதான். நான் கோபத்தில் வைத்துவிட்டதாக மாமாவிடம் சொன்னீர்களாம். ஒரு மனிதன் கோபமாக இருக்கும் நேரத்திலேயே சார்ஜும் தீர்ந்துபோகக் கூடாதா? திரும்பக் கூப்பிடாததற்கும் காரணம் உண்டு. இந்த வீட்டில் போனில் எது பேசினாலும் உள்ளறையில் இருக்கிற மதிக்குக் கேட்கும். மதிக்குக் கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளுக்குக் கண்டிப்பாகக் கேட்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மதிக்கு மனசு சரியில்லை, எனக்குத் தெரிந்த மனநல டாக்டரம்மா ஒருத்தர் வீடியோ காலிலேயே பேசுவார், ஒரு தடவை பேச வை என்று சொன்னீர்கள். அக்கா, மதிக்கு ஒன்றும் இல்லை. பதினைந்து வயசுப் பெண் அறையை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதானே. வெளியே வராதே என்று அரசாங்கமே ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போகிறது. நாமெல்லாம் பாதி கேட்கிறோம், அவள் முழுசாகக் கேட்கிறாள். இதற்குப் போய் டாக்டரா?

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர் என்பது உங்களுக்குத் தெரியும், அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஷிப்ட் தொடங்கும் முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, நேற்று எந்த லைனில் என்ன விபத்து, யாருக்கு விரல் நசுங்கியது என்று வாசிப்போம். கேட்டவன் அன்றைக்கு ஜாக்கிரதையாக வேலை செய்வான். இந்த நோய் வந்ததும் இதை வீட்டிலும் நடத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. காலையில் காபிக்கு முன்னால் இசைவாணியையும் மதியையும் ஹாலில் நிற்க வைத்து, நேற்று எந்தத் தெருவை அடைத்துத் தகரம் அடித்தார்கள், யாரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள் என்று வாசிப்பேன். இசைவாணி கொட்டாவி விடுவாள். மதி மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். எனக்கு அவ்வளவு பெருமை, எங்கள் லைனில் கூட அப்படி ஒரு ஆள் கிடையாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் குவாலிட்டிக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. கம்பெனித் தரையில் கோடு போட ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் ஒரு ரோல் கொண்டுவந்தேன். வாசலில் ஒரு கட்டம் ஒட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்தால் நான் அதற்குள்தான் நிற்க வேண்டும், குளித்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். சமையலறைக்கு ஒரு கோடு, மதி அறைக்கு ஒரு கோடு. கோடு நேராக வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தது மதிதான். கம்பெனி கேட்டில் இருக்கிற மாதிரி நெற்றியில் ஜுரம் பார்க்கிற கருவியும் வாங்கினேன், அதையும் அவள்தான் கையில் எடுத்துக்கொண்டாள். நான் வந்ததும் பார்ப்பாள், குளித்ததும் பார்ப்பாள், சாப்பிடும்போது பார்ப்பாள், தூங்கும்போது கூடப் பார்ப்பாள் என்று இசைவாணி சொன்னாள். கையைக் கழுவிக் கழுவி விரலெல்லாம் தோல் உரிந்துபோனதை இசைவாணிதான் முதலில் கண்டாள். நான் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

அப்புறம் லோகேஷ் விஷயம். அவனை உனக்குத் தெரியும் அக்கா, மதியின் காதுகுத்துக்கு மேளக்காரன் வராதபோது ஸ்டீல் டிரம்மைத் தட்டினானே, அவன்தான். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். இரண்டாவது அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்து அலைந்து, கிடைத்த பிறகு போய்விட்டான். மறுநாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கம்போல ஹாலில் நிற்க வைத்து வாசித்தேன். நேற்று நம் பஸ்ஸில் ஒருவர் தவறிவிட்டார், பெயர் லோகேஷ், ஆகவே எல்லாரும் மாஸ்க்கைச் சரியாகப் போட வேண்டும் என்றேன். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை அக்கா. மதி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு உன் பக்கத்து சீட்டுதானேப்பா?”

“ஆமா,” என்றேன். அடுத்து கபசுரக் குடிநீர் பற்றி வாசித்தேன்.

அன்றைக்கு உள்ளே போனவள்தான். தட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றால் எடுத்துக்கொள்வாள், பாதி திரும்பி வரும். முன்பு பத்தாவதுக்குப் பரீட்சை இல்லை, எல்லாரும் பாஸ் என்றபோது தெருப் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள், இவள் மட்டும் படித்துக்கொண்டே இருந்தாள். இப்போது அந்தப் புத்தகத்தையும் தொடுவதில்லை. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்து வைக்கிறாள். டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் “யெஸ் மிஸ்” என்று ஒரு குரல் வரும். எங்கள் மகளின் குரலை நாங்கள் கேட்பது அப்போதுதான். அதற்காகவே இசைவாணி அட்டென்டன்ஸ் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் நிற்கிறாள்.

சரி, கோடுதான் பிரச்சினை என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தோசைத் திருப்பியால் டேப் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. மண்ணெண்ணெய் போட்டும் வரவில்லை, அந்த டேப்பின் குவாலிட்டி அப்படி. தட்டை எடுக்க வந்த மதி அந்தப் பசையைப் பார்த்தாள், அங்கேயே நின்றாள். “வாம்மா, கோடு இல்லை பார்” என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். மீதி நாள் முழுக்க நான் அந்தப் பசையின் மேலேயே உட்கார்ந்திருந்தேன், வேட்டி ஒட்டிக்கொண்டது.

அப்புறம் ஏன்-ஏன் முறை. கம்பெனியில் ஒரு சீட் தையல் பிரிந்தால் ஏன் என்று கேட்போம். வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்போம். ஐந்து தடவை ஏன் கேட்டால் அடியில் இருக்கிற காரணம் வந்துவிடும், ஜப்பான்காரன் கண்டுபிடித்தது. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“ஏன்மா சாப்பிட மாட்டேங்கற?”

“பசிக்கல.”

“ஏன் பசிக்கல?”

“தூக்கமே வர்ல.”

“ஏன் தூக்கம் வர்ல?”

“நீ மூச்சு வுடறியான்னு கேட்டுகினே கீறேன்பா.”

ஆனாலும் இன்னும் இரண்டு ஏன் பாக்கி இருந்ததால் நான்காவதையும் கேட்டேன். அதற்குள் இசைவாணி வந்து என் நாற்காலியை இழுத்துவிட்டாள். “நிறுத்துய்யா. அது இன்னா உன் லைன்ல ஓடற சீட்டா? பொண்ணுய்யா அது. இன்னாத்துக்குக் கேள்வி மேல கேள்வி கேட்டுகினே கீற?” கம்பெனியில் இப்படிப் பாதியில் நின்றுபோனால் பொருள் கொடுத்த சப்ளையர் மேல் பழியைப் போட்டு ஃபைலை மூடிவிடுவோம். இங்கே சப்ளையரும் நான்தான் அக்கா, யார் மேல் போடுவது?

இதற்கு நடுவில் கோமதியம்மாள். “இன்னா டில்லி, பொண்ணு கண்லயே காணோம்?” என்று மதில் மேல் முகத்தை வைத்துக் கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி, நீட் பரீட்சைக்கு இப்போதே படிக்கிறாள் என்றேன். சாயந்திரத்துக்குள் அது சுங்குவார்சத்திரம் வரைக்கும் போய்விட்டது. டீக்கடைக்காரர் என்னை டாக்டர் அப்பா என்று கூப்பிடுகிறார். கோமதியம்மாள் ஞாபக சக்திக்கு என்று ஒரு டப்பா வல்லாரை லேகியம் கொடுத்தார். மதி தொடவில்லை, வீணாக்கக் கூடாதென்று நானே தின்று தீர்த்தேன். இப்போது லோகேஷ் பஸ்ஸில் பேசியதெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வருகிறது. வண்டியேறினால் அந்தக் காலி சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். மற்றபடி நான் திடமாகத்தான் இருக்கிறேன்.

இப்போ நீயே சொல் அக்கா. டாக்டர் ஆகப் போகிறாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது, மனசு டாக்டரிடம் காட்டுகிறோம் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? இந்தத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் அவள் கல்யாண மேடை வரைக்கும் கூடவே வரும். பெண்ணைப் பெற்றவன் பயம் உனக்குப் புரியாது, உனக்கு இரண்டும் பையன். கொஞ்ச நாள் போகட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும், தானாகச் சரியாகிவிடும். அந்த டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நீயும் கிளம்பி வர வேண்டாம். இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு.

மாமாவுக்கு என் வணக்கம், அவருடைய சர்க்கரைக்கும் என் விசாரிப்பு. பையன்களுக்கு ஆசி. உங்கள் வீட்டில் யார் விரலை வைத்தாலும் ஆக்சிமீட்டர் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை நிற்பான்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி,
டில்லிபாபு.

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கதவைத் திறந்துகொண்டு மதி நிற்கிறாள். எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று வெளிச்சத்தில்தான் தெரிந்தது. “அத்தைக்கா எழுதற?” என்றாள். ஆமாம் என்றேன். “இன்னான்னு?” நீ நல்லா கீறன்னு எழுதியிருக்கேன் என்றேன். “பொய் எழுதாதப்பா. எனக்கு நல்லா இல்ல. அத்தை போன்ல சொன்னது கேட்டுச்சு. அந்த டாக்டராண்ட நான் பேசறேன்,” என்றாள். இசைவாணி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் சரிம்மா என்றேன்.

அக்கா, மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. போன் செய்தால் உடைந்துவிடுவேன், அதனால் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இப்போதே அனுப்புகிறேன். டாக்டரம்மாவிடம் நாளைக்கே நேரம் கேள். பேசும்போது நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கக் கூடாது, எங்களுக்குக் கேட்டால் அவளால் பேச முடியாது என்று மதி சொல்கிறாள். நானும் இசைவாணியும் தெருவில் போய் நிற்கிறோம். கோமதியம்மாள் இன்னா டில்லி, ரெண்டு பேரும் ரோட்ல நிக்கறீங்க என்று கேட்பார். பொண்ணுக்கு நல்லா இல்லைங்க, டாக்டரிடம் பேசுகிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.