ஏலக்காய் மணத்த துவக்கு

குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் காலத்தில் என்னென்ன செய்யக்கூடாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. வேகமாகக் கார் ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் வெறும் போத்தல்களைத் தொட்டியில் போடக்கூடாது (சத்தம்!). ஆனால், மனைவி லட்டுக்கு வறுத்து வைத்த ரவையை அயலவரின் துவக்கில் (துப்பாக்கியில்) போட்டுச் சுடக்கூடாது என்று மட்டும் எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

சுவிஸின் பீல் நகரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கீழ்வீட்டுக்காரர் வால்ட்டர், ஓய்வுபெற்ற மணிக்கூட்டுத் தொழிலாளி. கட்டிடத்துக்குப் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் சிநேகம் தொடங்கியது. விண்ணப்பத்தில் ‘உங்களை நன்கு அறிந்த சுவிஸ் பிரஜை’ என்ற இடத்தில் அவருடைய பெயரைத்தான் எழுதியிருந்தேன். வேறு பெயர் எழுத ஆள் இல்லை (பதினெட்டு வருடமாக இங்கே இருந்தும்). அவர் நல்லபடியாக ஒரு கடிதம் எழுதினால்தான் என் கோப்பு நகரும்.

வால்ட்டருக்கு ஒரு விசர் உண்டு. கௌபாய்ப் படங்களில் வருமே, விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் துவக்கு, அந்தப் பழைய மாதிரியில் ஒன்று வைத்திருந்தார். அதற்குரிய தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் இப்போது கடைகளில் இல்லை. ஆகவே வேறு கோதுகளை வாங்கி, வெட்டி, அச்சில் அழுத்தி, தானே உருவாக்குவார். கடைசி வேலைதான் விசித்திரமானது. கோதுக்குள் கொஞ்சம் வெடிமருந்து, அதன்மேல் ரவை, வாயை அடைக்க மெழுகு. ஈயக் குண்டு கிடையாது. சுட்டதும் பித்தளை உப்பி, அந்தத் துவக்கின் வயிற்றுக்கு அளவாக உருவெடுத்துவிடும். (துவக்குத் தோட்டாவுக்கும் எங்கள் ஊரில் ரவை என்றுதான் பெயர். அந்தப் பகிடியை நீங்களே செய்துகொள்ளுங்கள், எனக்கு அலுத்துவிட்டது.)

இலங்கைப் பாஸ்போட்காரன் இந்த நாட்டில் துவக்கைத் தொடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அவருடைய நிலவறையில் நான் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டே நிற்பேன். ஒரு வெள்ளிக்கிழமை ரவை முடிந்துவிட்டது என்று வால்ட்டர் கவலைப்பட்டபோது என் மார்பு விரிந்தது. சட்டம் எனக்கு விட்டுவைத்திருந்த ஒரே பொருள் அல்லவா!

“வீட்டில மூட்டைக் கணக்கில கிடக்கு. நாளைக்கு நான் கொண்டுவாறன்” என்றேன்.

மறுநாள் காலை சுகந்தி, என் மனைவி, முதியோர் இல்லத்து வேலைக்குப் போயிருந்தாள். எனக்கோ கடும் தடிமன், மூக்கு முழுதாக அடைப்பு. அலுமாரியில் கைக்கு எட்டிய தகரப் பேணியைத் திறந்தேன். உள்ளே ரவை. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வால்ட்டர் கரண்டியால் அள்ளிப் பார்த்தார். (அவர் பேசுவது பேர்ண் ஜெர்மன். எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்.)

“கொஞ்சம் ஒட்டுதே?”

“எங்கட ரவை அப்பிடித்தான். நல்ல தரம்.”

“ஒரு வாசமும் வருது.”

“ஓமோம், இயற்கையான வாசம்” என்றேன், மூக்கை உறிஞ்சியபடி.

“சரி. ரவை விசயத்தில நீங்கள்தான் நிபுணர்.”

பதினெட்டு வருடத்தில் ஒரு சுவிஸ்காரர் என்னை நிபுணர் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அந்த மயக்கத்தில் எதையும் மறுபடி யோசிக்கவில்லை.

அன்று பிற்பகல், அந்த ரவை நிரப்பிய கோதுகளோடு சுடுதிடலுக்குப் போனோம். அங்கே வால்ட்டரின் துவக்குச் சங்கத்து முதியவர்கள் மூவர் இருந்தார்கள். முதல் வெடி நன்றாகவே வெடித்தது. புகை பரவியது. மூவரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தி மோப்பம் பிடித்தார்கள்.

“கிறிஸ்மஸ் பலகாரம் மாதிரி மணக்குது!” என்றார் ஒருவர்.

“எங்கட நாட்டுச் சாமான்” என்றேன் பெருமையாக. எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை.

இரண்டாவது வெடி ஒரு தும்மல். மூன்றாவது, ‘புஸ்’. பிந்தி வெடித்தாலும் என்று, வால்ட்டர் துவக்கை இலக்கை நோக்கியே பிடித்தபடி நீண்ட நேரம் காத்திருந்தார். பிறகு வளையத்தை இழுத்தார். அசையவில்லை. குழல் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ மெதுவாக வடிந்தது. கடைசியில் எப்படியோ திறந்து, சட்டைப் பையிலிருந்து மணிக்கூட்டுக்காரரின் சிறு குறடு ஒன்றை எடுத்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்றைப் பிடுங்கினார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திப் பார்த்தார்.

“இது ரவை இல்லை” என்றார்.

ஏலக்காய் விதை.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. சுகந்தி.

“என்னப்பா, லட்டுக்கு வறுத்து வைச்ச ரவை எங்கை? நெய், சீனி, ஏலக்காய் எல்லாம் போட்டு வைச்சனான். நாளைக்குத் திரிம்பாக் கோயிலுக்குக் கொண்டுபோக வேணும்!”

“அது... சுட்டாச்சு.”

“லட்டை ஆரப்பா சுடுறது? உருட்டுறதெல்லோ!”

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிய குற்றத்தை அங்கேயே வால்ட்டரிடம் ஒப்புக்கொண்டேன். நெய், வெடிமருந்தை நனைத்துவிட்டது. சீனி, துவக்குக்குள் பாகாகிவிட்டது. வால்ட்டர் அந்த விதையைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கத்தியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். என் குடியுரிமையும் அந்தக் குழலிலிருந்து பழுப்பாக வடிந்துகொண்டிருந்ததாகவே எனக்குத் தோன்றியது.

“திங்கள், ஆறு மணி, நிலவறை” என்றார். அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாய், புதன். வால்ட்டர் துவக்கைக் கழற்றித் துப்புரவாக்கினார். நான் அதைத் தொட முடியாது. வெந்நீர் கொண்டுவந்தேன், துணி வெட்டிக் கொடுத்தேன், விளக்குப் பிடித்தேன். மூன்று நாளும் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே கதவடியில் நின்றேன். கடைசி நாள் சுகந்தி புதிதாக உருட்டிய லட்டுகளைக் கொடுத்துவிட்டாள். வால்ட்டர் ஒன்றை எடுத்து, பூதக்கண்ணாடியால் எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே வாயில் வைத்தார். பின்பு இன்னும் நான்கு சாப்பிட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு, குடியுரிமை நேர்முகத்தில் ஓர் அம்மையார் வால்ட்டரின் கடிதத்தை உரக்க வாசித்தார். “இவர் தெரியாத விசயத்தையும் தெரியும் என்பார். பிறகு ஒத்துக்கொள்வார். ஊத்தையாக்கினால், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து துப்புரவாக்குவார். இதற்குமேல் ஒரு சுவிஸ்காரரிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?”

மேசைக்கு அப்பால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று சரியாகத் தெரியாமல்.

சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் வந்த கிழமையே வால்ட்டர் என்னைச் சுடுதிடலுக்கு அழைத்துப்போனார். துவக்கை என் முன்னால் வைத்தார். பக்கத்திலிருந்த ரவைப் பேணியை மட்டும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

“இப்ப நீங்கள் துவக்கைத் தொடலாம்” என்றார். “இதைத் தொடாதேங்கோ.”

வீட்டிலும் இன்றுவரை அதே சட்டம்தான். பீல் நகரில் அறிவித்தல்கள் எல்லாம் ஜெர்மன், பிரெஞ்சு என்று இரண்டு மொழிகளில் இருக்கும். எங்கள் வீட்டுப் பேணியின் மூடியில் சுகந்தி மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘சாப்பிடுவதற்கு மட்டும்.’