டெரிக் செய்த மேல்முறையீடு

கவுன்சிலை ஒரு கை பார்ப்பதென்று டெரிக் சபதம் எடுத்தபோது, அவன் மனைவி லொரெய்ன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மகள் ஹெட்டிக்குப் பெண்கள் பள்ளியில் இடம் என்று மார்ச்சில் கடிதம் வந்தது. அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். சீருடைகூட வாங்கியாயிற்று. பத்தாம் நாள் இன்னொரு கடிதம். வீடு பள்ளிக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்துத்தான் கவுன்சில் இடம் ஒதுக்கும்; அந்த ஊரில் மில் லேன் என்று இரண்டு தெரு உண்டு, இவர்கள் வீடு தூரத்து மில் லேனில். பள்ளிக்குப் பக்கத்திலிருந்த மில் லேனிலிருந்து தூரத்தை அளந்துவிட்டார்களாம். தவறு கவுன்சிலுடையது, இடம் போனது ஹெட்டிக்கு. குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"மேல்முறையீடு பண்றோம்," என்றான் டெரிக். "ஸ்கூலுக்கு எதிர்ல ஒரு ஃப்ளாட் வாடகைக்கு இருக்கு. நாம பிரியறோம், நீயும் ஹெட்டியும் அங்க குடிபோறீங்கன்னு சொல்லிடலாம்."

"சும்மா சொன்னா நம்புவாங்களா?"

"பேருக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் ரெடி பண்ணு."

"பண்ணிடறேன்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. டெரிக் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

மே மாதம் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். லொரெய்ன் ஒப்பந்தத்தை நீட்டினாள். நடுவிலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நிஜமாவே பிரியறீங்களா, மிஸ்டர் பிரிக்ஸ்?"

"என்கூட யாரு மேடம் இருப்பா?" டெரிக்குக்கு நடிப்பு சூடுபிடித்தது. "பொண்ணு பிறந்தநாள் அன்னிக்கு ஃபுட்பால் மேட்சுக்குப் போனவன் நான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. இவ அம்மா இறந்த அன்னிக்கு, 'சாப்பாடு எத்தனை மணிக்கு?'ன்னு கேட்டவன்!"

சொன்னது எதுவுமே கற்பனையில்லை என்பது அவனுக்குப் பாதியில் உறைத்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. லொரெய்ன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "எப்படி நடிச்சேன் பாத்தியா?" என்றான்.

"நடிச்சியா?" என்று கேட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஹெட்டிக்கு இடம் உண்டு. வீட்டில் பள்ளிப் பெயரைக் கூவிக்கொண்டு அவள் ஓடினாள். சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஹெட்டியின் கட்டில் ஏறியது. பிறகு சோபா. பிறகு தேநீர் கெட்டில்.

"என்ன இது? அதான் ஜெயிச்சாச்சே!"

"அந்த ஒப்பந்தம் நிஜம், டெரிக். ஏப்ரல்லயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அது நான் சொன்ன யோசனை!"

"ஆமா. நானா கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

டெரிக் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான். "நான் மாறிடறேன், லொரெய்ன். நானும் அங்கயே வந்துடறேன். மூணு பேருமா இருக்கலாம்."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக, கோபமே இல்லாமல், எடுத்துவிட்டாள்.

"நீ வந்தா நாம சொன்னது பொய்னு ஆயிடும். மறுபடி இடத்தைப் பிடுங்கிடுவாங்க."