யோந்த்ரியின் சாப்பாடு குறித்து நேரில் கண்டது

மரியாதைக்குரிய யுஸ்னி அக்காவுக்கு, ஜோக்ஜாவிலிருந்து தம்பி நஸ்ருல் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் என்மேல் உள்ள கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஊருக்கு வரும் மர்லிஸ் கையில் இந்தக் கடிதத்தோடு உன் நீலமூடி டப்பாவையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் கொஞ்சம் ரெண்டாங் கறி இருக்கிறது. வெறும் வயிற்றோடு படித்தால் உனக்குக் கோபம் கூடும். ஆகவே முதலில் சோறு போட்டு, இறைச்சியில் இரண்டு துண்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொள்.

சாப்பிட்டாயிற்றா? நல்லது.

யோந்த்ரி அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது என்று நீ போனில் அழுதாய். "தாய்மாமன்னு ஒருத்தன் அதே ஊர்ல குந்தியிருக்க, எம்புள்ள காஞ்சு கருவாடாப் போறான். நேர்ல போய்ப் பாரு. அவன் ஒழுங்காச் சாப்பிடலைன்னா கட்டடம் கட்டற படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். கூட்டியாந்து துணிக்கடையில உக்கார வெச்சிடுவேன்" என்றாய். நம் வழக்கத்தில் பிள்ளைக்குப் பொறுப்பு அப்பனல்ல, மாமன். அதனால்தான் அத்தான் இவ்வளவு நிம்மதியாக டிவி பார்க்க முடிகிறது. வெள்ளமும் வழக்குமாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன் நான். அதே கவனத்தோடு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் அவன் தங்கியிருக்கும் விடுதி வீட்டுக்குப் போனேன்.

அறையில் ஒரு பாய், ஒரு மேசை, ஒரு சோறு குக்கர். அடுப்பு வைக்க வீட்டுக்காரம்மா சுமார்னி விடமாட்டார். எனவே உன் மகனின் சமையலறை, பாத்திர அலமாரி, உணவு மேசை எல்லாம் அந்தக் குக்கர்தான். அடியில் அரிசி, மேல்தட்டில் முட்டை, முட்டைக்குப் பக்கத்தில் சந்தை கலைகிற நேரத்தில் மலிவாகக் கிடைத்த கீரை; எல்லாம் ஒரே ஆவியில் வெந்து ஒரே நேரத்தில் இறங்குகின்றன. மாதக் கடைசியில் கீரைக்கும் வழியில்லாதபோது, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்துக்காக இவ்வளவு பக்தியாக முன்வரிசையில் உட்காரும் இளைஞர்களை நான் கண்டதில்லை. அது தவிர, ஊரில் நடக்கும் கல்யாணம் எதையும் யோந்த்ரியும் விடுதி நண்பர்கள் மூவரும் விடுவதில்லை. "யாருடா கல்யாணம்?" என்று கேட்டேன். "தெரியாது மாமா. மாப்பிள்ளையோட ஃப்ரெண்டுன்னு சொல்லுவோம். அன்னைக்கு மாப்பிள்ளைக்கே யாரு யாருன்னு தெரியாது" என்றான். கல்யாணத்துக்கென்று நான்கு பேருக்குப் பொதுவாக ஒரு பட்டிக் சட்டை இருக்கிறது. நால்வரில் உடம்பில் பெரியவன் சிகித் என்பதால் அவன் அளவில் வாங்கியது. நீ போட்டோவில் கண்ட கழுத்தெலும்பு அந்தச் சட்டை காட்டிக்கொடுத்தது.

சிகித் இந்தப் பக்கத்துப் பையன். நல்ல பையன்தான், ஆனால் நாக்கு மட்டும் சர்க்கரை ஆலையில் செய்தது. நீ கண்ணீரோடு மிளகாய் அரைத்து அனுப்பும் ரெண்டாங்கின் மேல் அவன் இனிப்பு சோயா சாறு ஊற்றிச் சாப்பிடுவானாம். அதைக் கேட்டு நான் பார்த்த பார்வைக்கு, "காரம் காதுல வருது மாமா, அதான் கொஞ்சம் சமாதானம் பண்ணிக்கிறேன்" என்றான். உன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கண்டிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

இனிமேல்தான் விஷயம். பெருநாளன்று பள்ளிவாசலில் மாடு பிடிக்கவும் இறைச்சி பங்கிடவும் கூட நின்றதற்கு ஆளுக்கொரு பொட்டலம் கிடைத்திருக்கிறது. மற்ற விடுதிப் பிள்ளைகள் அதைக் கம்பியில் குத்திச் சுட்டுத் தின்றார்கள். யோந்த்ரி ரெண்டாங் செய்வேன் என்றான். குக்கரில். "அம்மாவுக்குப் போன் போட்டுப் பக்குவம் கேளேண்டா" என்றேன். "கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. குக்கர்லன்னு சொன்னா மறுநாளே நான் துணிக்கடையில இருப்பேன். நீ சும்மா இரு மாமா, சின்னதுல இருந்து அடுப்படியில பார்த்துட்டுத்தானே இருந்தேன்" என்றான். தேங்காய்ப்பால் கொதித்து வற்றத் தொடங்கியதும் குக்கர், சோறு வெந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்தது. பொறியியல் படிக்கும் உன் மகன் தன் அளவுகோலைப் பிசிறில்லாமல் உடைத்து அந்தப் பொத்தானுக்கு முட்டுக் கொடுத்தான். படித்த படிப்பு வீண்போகவில்லை. இறைச்சி அதிகமென்று சிகித்தின் குக்கரையும் மாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட, வீடு முழுதும் இருண்டது.

முதலில் வந்தவன் பக்கத்து அறையின் கடைசி வருட மாணவன். அவனுடைய ஆய்வேட்டில் பாதி கம்ப்யூட்டரோடு போயிருந்தது. "எவன்டா அது?" என்றான். "நாங்கதான் அண்ணா" என்றான் யோந்த்ரி. வந்தவன் கதவருகே நின்று மணத்தை இழுத்துவிட்டுக் கேட்டான்: "எப்ப வேகும்?" அடுத்து டார்ச்சோடு வீட்டுக்காரம்மா. "ஒரு நேரத்துல ஒரு குக்கர்தான்னு சொன்னேனா இல்லையா தம்பி?" "ஒண்ணுதாம்மா ஓடுது. இன்னொண்ணு துணைக்கு நிக்குது" என்றான் உன் மகன். அந்த அம்மா டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். பிறகு விசையைத் தட்டி மின்சாரத்தை வரவழைத்து, தன் வீட்டுச் சமையலறையிலேயே குக்கரை மாட்டச் சொல்லி, தனக்கொரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொன்னார். சட்டம் இந்த ஊரில் இப்படித்தான் காக்கப்படுகிறது. உன் மகன் கரண்டி தேடப் போன சமயம், சிகித் ஒரு பனைவெல்லக் கட்டியை உள்ளே நழுவவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். "மாமா, சொல்லிடாதீங்க" என்றான். நான் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

அந்த ரெண்டாங் என்ன ஆயிற்று என்று இப்போது எழுத மாட்டேன். உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. அழையாத கல்யாணத்தில் சாப்பிடுகிறான், அடுத்தவன் படிப்பை இருட்டாக்குகிறான், வெல்லம் போடுகிறவனோடு குடித்தனம் நடத்துகிறான். இதை ஒழுங்கான சாப்பாடு என்று எந்த மாமனும் கையெழுத்துப் போட மாட்டான். வந்து கூட்டிக்கொண்டு போய்விடு.

அத்தானுக்கு என் ஸலாம். விளம்பரம் வரும்போது சொல்லு. உன் முழங்காலை அல்லாஹ் காப்பானாக, துணிக்கடைக்குப் பரக்கத் தருவானாக.

உன் தம்பி,
நஸ்ருல்

பின்குறிப்பு: டப்பாதான் உன்னுடையது. நீ அனுப்பிய ரெண்டாங்கை நால்வரும் அது வந்த வாரமே வழித்துத் தின்றுவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நீ சாப்பிட்டது குக்கரில் வெந்தது, வெல்லக் கட்டி உட்பட. முதல் வாயிலேயே உன் நாக்கு அதைக் கண்டுபிடித்திருந்தால், அடுத்த பஸ்ஸில் வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போ. கண்டுபிடிக்கவில்லை என்றால் யாரிடமும் சொல்லாதே. டப்பாவைக் கழுவி அனுப்பிவிடு. அவனிடம் வேறு டப்பா இல்லை.