ஆறு தாண்டாத ஊசி

"ஆத்தத் தாண்டக் கூடாதாம். அம்மா சொல்றாங்க" என்றாள் இளவரசி.

செந்தமிழ்செல்வன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே தொங்கிய பூப்போட்ட திரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அங்கேதான் அவன் மாமியார் தங்கம்மாள் இருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அந்த அம்மாள் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் ஒப்பிப்பாள். மாப்பிள்ளையின் பதில் அதே வழியில் உள்ளே போகும்.

"எந்த ஆத்த?"

"வெள்ளாத்தத்தான். ஏழு மாசத்துக்கு மேல புள்ளத்தாச்சி ஆறு தாண்டுனா ஆவாதாம்."

இளவரசிக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். செல்வன் கடலூரில் பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். வாரக் கடைசியில் ஆப்பிளோடு வருவான். இளவரசியின் அக்காவுக்கு இரண்டு பிரசவமும் ஆபரேஷன். அதைக் கேட்டதிலிருந்து, இவளுக்கும் வயிற்றைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவனுக்குத் தூக்கமில்லை. மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அப்பனாகப் போகிறவனுக்குப் பழம் வாங்குவதைத் தவிர வேறு வேலையும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் கூட வேலை பார்க்கும் ஒருவர் புவனகிரி பிரிசில்லாவைப் பற்றிச் சொன்னார். அக்குபங்சர். கடைசி மாதத்தில் வாரம் ஒரு தடவை ஊசி வைத்தால் உடம்பு பிரசவத்துக்குத் தயாராகுமாம். அவர் சம்சாரத்துக்குச் சுகப்பிரசவம்.

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் செல்வனால் சும்மா இருக்க முடியாது. ஸ்விட்ச் போட்டால் தண்ணீர் வந்தால் போதும் என்கிற விவசாயியைக்கூட உட்காரவைத்து, மோட்டாரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

"இதப் பாரு இளவரசி, இது டாக்டர் ஊசி இல்ல. உள்ள மருந்தே கெடையாது. தலமயிரு மாதிரி மெல்லிசு. ஒடம்பு பூரா பைப் லைன் போவுதுன்னு வச்சிக்க. அங்கங்க வால்வு இருக்கு. ஊசி வக்கிற எடம்லாம் அந்த வால்வுதான். கணுக்காலுக்கு நாலு விரக்கட மேல ஒண்ணு, முட்டிக்குக் கீழ ஒண்ணு, கட்டவிரலுக்குப் பக்கத்துல ஒண்ணு. இதெல்லாம் முன்கூட்டியே தொடக் கூடாது. மாசம் நெறஞ்ச பொறவுதான் தொறக்கணும். மோட்டார் போடறதுக்கு முன்னாடி பைப்புல அடச்ச காத்த, அதான் ஏர் லாக்க, எடுக்கறோம்ல, அது மாதிரி."

இளவரசி பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அம்மாதான்."

அடுத்த வாரம் செல்வன் ஆப்பிளோடு மாவட்ட வரைபடத்தையும் கொண்டுவந்தான். சிதம்பரம் தென்கரை, புவனகிரி வடகரை. ஆற்றைத் தாண்டாமல் அக்கரைக்குப் போக இரண்டே வழி. ஒன்று, மேற்கே ஆறு பிறக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு போவது. அதற்குள் குழந்தை பிறந்துவிடும். இன்னொன்று, கிள்ளையில் படகேறி, கடலுக்குள் போய், முகத்துவாரத்தைச் சுற்றி வடக்கே கரையேறுவது.

"கடல்ல போனா ஆத்தத் தாண்டுன மாதிரி ஆவாதுல்ல? கேட்டுட்டு வா."

இளவரசி உள்ளே போனாள். வளையல் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"கடல்ங்கறதே எல்லா ஆறும் சேந்ததுதானேன்னு அம்மா கேக்குறாங்க."

செல்வன் வரைபடத்தை மடித்து வைத்தான். மாமியாரின் அறிவின் மேல் அவனுக்கு மதிப்பு கூடிவிட்டது.

சரி, ஊசிதானே இக்கரைக்கு வரட்டும் என்று புவனகிரிக்கே போனான். பிரிசில்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மெதுவாக எழுந்தாள்.

"எனக்கே எட்டாவது மாசம் சார். எங்க மாமியார் ஆத்தத் தாண்ட வுடமாட்டாங்க."

"நீங்க கிறிஸ்டீனாச்சே மேடம்?"

"அதுக்கு? ஆறு எல்லாருக்கும் ஆறுதானே!"

உள்ளேயிருந்து மாமியார் சின்னம்மாளின் குரல் வந்தது. "யாருடி அது, வயித்துப் புள்ளக்காரிய அக்கரைக்குக் கூப்புடறது?"

ஆக, ஊசி வேண்டியவளும் ஆற்றைத் தாண்டக் கூடாது, ஊசி போடுபவளும் தாண்டக் கூடாது. நடுவில் வெள்ளாறு ஒரு பாவமும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றாள் பிரிசில்லா. "எடத்தக் காட்டித் தரேன். ஊசி நீங்க வக்கக் கூடாது. விரலால அமுத்தி வுடுங்க, போதும். அதுவும் டெலிவரி பாக்கற டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு."

"எந்த எடத்துல எவ்ளோ அழுத்தம்னு எப்படி மேடம் தெரியும்?"

"கால நீட்டுங்க."

கணுக்காலில் ஒரு ஊசி, முட்டிக்குக் கீழே ஒன்று, கையில் ஒன்று. எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"மேடம், பிரசவத்துக்கு வக்கிறத ஆம்பளைக்கி வச்சா என்னா ஆவும்?"

"ஒண்ணும் பொறக்காது, பயப்படாதீங்க."

பெஞ்சில் காத்திருந்த கிழவி எட்டிப் பார்த்தாள். "தம்பிக்கி எத்தினி மாசம்?"

பதில் சொல்வதற்குள் செல்வன் குறட்டை விட்டுவிட்டான். எழுப்பியபோது, மோட்டார் தூக்கித் தூக்கி வந்த இடுப்புவலி காணாமல் போயிருந்தது. அவனுக்கு நம்பிக்கை இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

பிரிசில்லா நீல மையால் குறியிட்டுத் தந்த கணுக்காலோடு அன்று மாலையே சிதம்பரம் வந்து, இளவரசியின் காலடியில் உட்கார்ந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இருங்க, அம்மா கூப்புடறாங்க."

போனாள், வந்தாள்.

"பொண்டாட்டி கால்ல புருசன் கை வக்கிறது பாவமாம்."

"கையில ஒரு எடம் இருக்கு."

போனாள், வந்தாள். "இன்னக்கி அஷ்டமியாம்."

மறுநாள் கேட்டான். மறுநாள் நவமி.

திரும்பிப் போகும் பஸ் புவனகிரிப் பாலத்தின் நடுவே ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வன் திடீரென்று எழுந்து நின்றான். பாதி ஆறு வந்தால் அது தாண்டியதாகுமா? ஆகாது! இளவரசி இந்தப் பாதி, பிரிசில்லா அந்தப் பாதி.

அடுத்த வாரம், பிரிசில்லாவையும் சின்னம்மாளையும் சம்மதிக்க வைத்துவிட்டு வந்தவன், இளவரசியிடம் சொல்லி அனுப்பவில்லை. நேரே திரைக்கு முன்னால் போய் நின்றான்.

"அத்தை! நாளைக்கிக் காலையில கார் வருது. நடுப்பாலம் வரைக்கும்தான். தாண்ட மாட்டோம். நீங்களும் கூட வந்து பாருங்க."

வளையல் சத்தம் நின்றது. ஒரு தட்டு விழுந்து உருண்டது. வேறு மறுப்பு இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

இளவரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, அம்மாகிட்ட நேரா பேசிட்டீங்களே!"

வழக்கத்தை மீறியதற்காகப் பதறுகிறாள் என்று நினைத்தான்.

மறுநாள் பாலத்தில் இரண்டு கார்கள் முகத்தோடு முகம் முட்டுகிற மாதிரி வந்து நின்றன. விளக்குக் கம்பங்களை எண்ணி, நடுவில் ஏற்கெனவே சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தான் செல்வன்.

"பாலத்துக்கு நடுவா, ஆத்துக்கு நடுவா?" என்று வடகரைக் காரிலிருந்து சின்னம்மாள் கேட்டாள். "தண்ணி அந்தாண்டதானே ஓடுது?"

"கோடை காலத்துல தண்ணி ஒதுங்கும். கரைக்குக் கரைதான்மா கணக்கு" என்று அவன் கையை வீசி விளக்கினான்.

ஒருவழியாக உடன்பாடு வந்தது. பிரிசில்லா கோட்டுக்கு வடக்கே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இளவரசி கோட்டுக்குத் தெற்கே கார்க் கதவைத் திறந்து காலை நீட்டினாள்.

"கை தாண்டலாம். வயிறு தாண்டக் கூடாது" என்று சின்னம்மாள் தீர்ப்புச் சொல்லி, மருமகளின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யோவ், பாலத்துலயா நிச்சயதார்த்தம் பண்றீங்க? மண்டபம் கெடைக்கலயா?"

"இல்லண்ணே, ஒடம்பு பூரா ஒரு பைப் லைன் போவுது..." என்று செல்வன் ஆரம்பித்தான். கண்டக்டர் விளக்கத்தில் மாட்டிக்கொண்டார். வால்வு வரைக்கும் வந்தபோது டிரைவரும் இறங்கி வந்துவிட்டார்.

"இடுப்புப் புடிப்புக்கும் கேக்குமா? முடிஞ்ச ஒடனே எனக்கும் ஒண்ணு வக்கச் சொல்லு தம்பி" என்றார் டிரைவர்.

பயணிகள் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் கரை வரைக்கும் நின்றன.

பிரிசில்லா பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். வெயிலில் அது மின்னியது. இளவரசியின் நெற்றியில் வியர்வை பொடித்தது. நீட்டிய காலைச் சட்டென்று காருக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க! வேணாமாம். அம்மா சொல்றாங்க!"

செல்வன் திரும்பினான். கண்டக்டர், டிரைவர், பயணிகள் எல்லாரும் திரும்பினார்கள். தங்கம்மாள் மகளுக்குப் பக்கத்து சீட்டில், மூடிய வாய் மூடியபடி உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் மேல் திரை எதுவும் இல்லை.

அந்த அம்மாள் நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கி, தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, முதல் தடவையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்ள, நான் எங்க சொன்னேன்? ரெண்டு வருசமா வாரா வாரம் இந்த ஆத்தத் தாண்டிப் போயி, இந்தப் பொண்ணுகிட்டதான் முட்டிக்கி ஊசி வச்சிக்கறேன். ஊசின்னா பயம் உங்க பொண்டாட்டிக்கித்தான்!"