பெட்டி டீச்சரின் இருபது நிமிடம்

தலைமை ஆசிரியை மேடம். டிரஸ்ட் செகரட்டரி. கணக்கு சார். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் அப்பா. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய ஓர் அம்மா, அவருடைய சம்சாரம் இல்லை. பெட்டி டீச்சர். டீத்தட்டோடு நான்.

மீட்டிங் அறையில் ஆறு நாற்காலி. ப்யூன் உட்காரப் போவதில்லை, அதனால் கணக்கு சரிதான். ஆனால் பெட்டி டீச்சர் ஒரு நாற்காலியில் தன் ஆர்மோனியப் பெட்டியை உட்கார வைத்துவிட்டார். கணக்கு சார் நின்றார்.

முப்பது வருஷமாகப் பூனாவில் இருக்கிறேன். இந்த டீச்சரைப் போல ஒரு கிறுக்கு இந்த ஊரிலேயே கிடையாது.

திருநெல்வேலிக்காரர். வீட்டுக்காரர் லோஹேகாவில் ஏர்ஃபோர்ஸ். கட்கியில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு ஸ்கூட்டியில் வருவார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் பெட்டி இருக்கும். அவர் கால்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் ரெயின்கோட் பெட்டிக்கு. டீச்சர் நனைந்து வருவார்.

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் தினம் ஒரு பாட்டுப் பீரியட்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பைப் பார்க்க வேண்டும். தமிழ், மராத்தி, இந்தி, தெலுங்கு, நேபாளி. ஒரு பிள்ளை பேசுவது பக்கத்துப் பிள்ளைக்குப் புரியாது. அழுவதில் மட்டும் ஒற்றுமை. மற்ற டீச்சர்கள் சாக்லேட் கொடுப்பார்கள், மிரட்டுவார்கள். இவர் பெட்டியைத் திறப்பார். எந்தப் பிள்ளை பெரிதாக அழுகிறதோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது அழுகிற சுருதி எந்தக் கட்டையில் இருக்கிறதென்று தேடுவார். கிடைத்ததும் அழுத்திப் பிடிப்பார். தன் அழுகை பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டுப் பிள்ளை மிரண்டு நிறுத்திவிடும். டீச்சர் நிறுத்த மாட்டார். அந்த இடத்திலிருந்தே பாட்டை எடுப்பார். இரண்டாவது வாரம் ஐந்து பாஷைப் பிள்ளைகளும் ஒரே பாட்டைப் பாடும். பேசிக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

எங்கள் பள்ளியில் கரண்டு மணி இரண்டு தடவை வாங்கி இரண்டும் கெட்டுப்போனது. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. அடிப்பது என் வேலை.

குடியரசு தினத்துக்குப் பள்ளி முழுக்கப் பெயின்ட். செகரட்டரி தன் செலவில் வாங்கிக் கொடுத்தது. மிச்சம் இருந்தது. தண்டவாளத்துக்கும் பச்சை அடித்தேன். இரண்டு கோட். மறுநாள் முதல் மணி அடித்ததும் டீச்சர் ஓடி வந்தார், செருப்பில்லாமல்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டியளே. அதுக்குச் சளி புடிச்சிருக்கு."

எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினார். பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் இந்த மணியை வைத்துத்தான் எடுக்கிறார்களாம். இப்போது மணி கம்மிவிட்டதாம். அன்று சாயங்காலம் வரை சுரண்டினேன். செகரட்டரி பார்த்தார். ஏன் என்றார். டீச்சர் சொன்னாங்க என்றேன். மேலே கேட்கவில்லை. ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் பாட்டு நடுவில் மணி அடித்துவிட்டேன். பிள்ளைகள் பாதி வரியில் எழுந்து ஓடிவிட்டன. டீச்சர் என்னிடம் வந்தார். கோபம் இல்லை.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் தட்டைப் பிடுங்குவியளா, அண்ணாச்சி?"

மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, பாட்டு முடிந்த பிறகுதான் அடிப்பேன். மற்ற பீரியடுகளுக்குக் கடிகாரம். இவருக்குப் பாட்டு.

இனி அந்த மீட்டிங்.

பாட்டுப் பீரியடை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்றார் மகர்பட்டா அப்பா. பாட்டு வேண்டுமானால் வீட்டில் போன் பாடும் என்றார். அம்மா தலையாட்டினார். செகரட்டரி கணக்கு சாரைப் பார்த்தார்.

கணக்கு சாருக்கு வேறு புகார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கிவிட்டார்கள். பரீட்சையில் ஒருத்தன் பெஞ்சில் தட்ட ஆரம்பித்தான். அடுத்த பெஞ்சு சேர்ந்துகொண்டது. கடைசியில் வகுப்பே தட்டியது. பக்கத்து அறையில் மராத்தி பரீட்சை எழுதிய மூன்றாம் வகுப்பும் தட்டியதாம்.

பதில் சரியாக எழுதினார்களா என்று செகரட்டரி கேட்டார்.

கணக்கு சார் கூரையைப் பார்த்தார். சரிதான் என்றார்.

செகரட்டரி முகம் மலர்ந்தது. அப்படியானால் பாட்டுப் பீரியட் இருக்கட்டும், அதில் வாய்ப்பாடு மட்டும் பாட வையுங்கள் என்றார். அப்பாவும் சம்மதித்தார். அம்மாவும். மேடம் பெருமூச்சு விட்டார். எனக்கும் நிம்மதி. டீயை எடுத்து நீட்டினேன். டீச்சர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் டீயை வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பேசியது இந்தியில். என் காதில் திருநெல்வேலித் தமிழாகத்தான் விழுந்தது.

"பாட்டைக் கழுதையாக்கி அது முதுகில வாய்ப்பாட்டை ஏத்தாதிய. தினமும் கணக்குப் படிக்கிதுக. அந்தக் கணக்கு பாட்டுக்கு உதவுதான்னு யாராவது ஒரு நாள் கேட்டியளா?"

கணக்கு சார் மட்டும் மெதுவாக, இல்லை என்றார்.

செகரட்டரிக்குப் பச்சைப் பெயின்ட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தினப் பீரியட் போனது. சனிக்கிழமை மட்டும், இரண்டு வகுப்புக்கும் சேர்த்து, இருபது நிமிடம். மேடம் நோட்டில் எழுதினார்.

டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். காலியான நாற்காலியைக் கணக்கு சாரிடம் காட்டி, உட்காருங்கள் என்றார். வெளியே வந்து ஸ்கூட்டியை மூன்று தடவை உதைத்தார். கிளம்பவில்லை. நான் உதைத்துக் கொடுத்தேன். அவர் கண் சிவந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

இப்போது சனிக்கிழமை மட்டும் வருகிறார். ஒரு புது வழக்கம். முதல் பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்துவதில்லை. கடைசி வரியிலேயே அடுத்த பாட்டை ஒட்டிவிடுகிறார். அது முடிவதற்குள் இன்னொன்று. நான் சுத்தியலோடு ஜன்னல் பக்கம் நிற்கிறேன். அவர் என்னைப் பார்ப்பதே இல்லை.

ஒரு நாள் மேடம் வந்து, மணி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பாட்டு இன்னும் முடியலை, மேடம்" என்றேன்.

கொஞ்ச நேரம் அவரும் நின்று கேட்டார். போய்விட்டார்.

எனக்குப் பாட்டு தெரியாது. ஏழாவதோடு படிப்பும் நின்றது. ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியும். போன சனிக்கிழமை பார்த்தேன்.

முப்பத்து நாலு நிமிடம்.