தரவுச் சித்தரின் இரண்டு தீர்ப்புகள்

சமூகவியல் துறையின் இரண்டாம் மாடி வராந்தாவில் காலை ஒன்பது மணிக்கே நிற்க இடமில்லை. பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள், ஆய்வு மாணவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பென் டிரைவைப் பொத்திப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். செருப்பை வெளியே கழற்றிவிடவில்லை, அது ஒன்றுதான் குறை. உள்ளே தரவுச் சித்தர் எழுந்தருளியிருந்தார்.

சித்தர் என்றதும் தாடியைத் தேடாதீர்கள். மழமழவென்று மழித்த முகம், கறுப்பு டி-சர்ட், கனமில்லாத மடிக்கணினி. எந்தத் தரவைக் கொடுத்தாலும் அவருடைய மென்பொருள் அரை மணியில் முடிவு சொல்லிவிடும். வெளியே வந்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள்.

"நாலு வருஷமா என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டாருங்க!" என்றார் ஒரு பேராசிரியர். மனசில் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் அல்லவா!

கள அக்கா அந்த வரிசையில் இல்லை. துறையின் கணக்கெடுப்பாளர் அவள். இருபது ஆண்டுகளாகக் கதவு தட்டித் தட்டி விரல் முட்டி காய்த்துப்போனவள். அன்று துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, உங்க குழந்தைகள் காப்பக சர்வேக்கு முடிவு வந்தாச்சு. தாய்மார் வேலைக்குப் போறதுக்கும் காப்பகத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். நகராட்சி தன்னோட பகல் காப்பகத்தைத் தாராளமா மூடிக்கலாம்."

அக்கா ஏறி இறங்கியது நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், மூன்று மாதம். தையல் ஆலைக்குப் போகும் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்று சொன்னது காதிலேயே இருந்தது: 'அதை மூடினா மறுநாளே நான் வேலையை விடணும்க்கா.'

"சார், நான் கேட்டு வந்தது வேறயா இருக்கே."

"நீங்க பார்த்தது மேலோட்டம். அவர் பார்க்கிறது ஆழம்."

அந்த ஆழத்துக்குள் இறங்கச் சித்தருக்கு நிரப்பிக் கொடுத்த படிவம் மேசையிலேயே கிடந்தது. பன்னிரண்டாவது கட்டம்: 'தாங்கள் எதிர்பார்க்கும் முடிவு. கட்டாயம் நிரப்பவும்.' அதில் தலைவரின் கையெழுத்தில் 'மூடலாம்' என்று இருந்தது.

"அது சும்மா... நகராட்சி அதிகாரி அப்படித்தான் ஆசைப்பட்டார்" என்று தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அக்கா நேராகப் பொருளாதாரத் துறைக்குப் போனாள். அங்கே விரிவுரையாளராக இருந்த அவளுடைய தம்பி சித்தரின் பரம பக்தன்.

"தம்பி, இதே ஃபைலைப் பேரை மட்டும் மாத்தி உன் பேர்ல குடு. எதிர்பார்க்கிற முடிவு 'காப்பகம் ரொம்பத் தேவை'ன்னு எழுது."

"அவரையே சோதிக்கறியா நீ?"

"ஒரே குழந்தையை ரெண்டு தடவை எடை போட்டா ஒரே எடைதானேடா வரணும்? வந்துட்டா நானும் உன்கூட நின்னு கும்பிடறேன்."

தம்பி வீராப்போடு வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை சித்தர் தம் தீர்ப்புகளை விளக்கும் கூட்டத்துக்குக் கருத்தரங்கு அறை நிரம்பி வழிந்தது. நகராட்சி அதிகாரியும் முன்வரிசையில் இருந்தார். சித்தர் திரையில் தம்பியின் முடிவைப் போட்டார். 'காப்பகம் இல்லையேல் தாய்மாருக்கு வேலை இல்லை. நம்பகம் தொண்ணூற்றொன்பது சதவீதம்.' கைத்தட்டல் ஓயக் கொஞ்ச நேரமானது. தம்பி மட்டும் தட்டவில்லை.

அக்கா எழுந்தாள். "ஐயா, எங்க தலைவருக்குக் குடுத்த முடிவையும் பக்கத்துல போடுங்களேன்."

போட்டார். 'சம்பந்தம் இல்லை. நம்பகம் தொண்ணூற்றொன்பது சதவீதம்.'

"அது வேற ஊர் சர்வேம்மா" என்றார் சித்தர்.

"இல்லைங்க. அதே வீடு, அதே வாசல், அதே ஃபைல். பேரையும் பன்னிரண்டாவது கட்டத்தையும் மட்டும்தான் மாத்தினோம்."

சித்தர் புன்னகையைக் கைவிடவில்லை. "தரவுக்கும் உயிர் உண்டும்மா. அதோட மனநிலை மாறும்."

"எங்க தெருக்காரங்க மனநிலையைக் கேட்க நான் மூணு மாசம் நடந்தேன். உங்க தரவுக்கு ஒரு கட்டத்தை நிரப்பினா மாறிடுதா?"

தம்பி விறுவிறுவென்று மேடையேறி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். மென்பொருள் செய்த வேலையெல்லாம் அதில் வரிசையாகப் பதிந்திருந்தது. தலைவரின் முடிவுக்காக முதலில் எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்திருந்தது. பிறகு ஞாயிறு பேட்டிகளை நீக்கியது. பிறகு முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தள்ளியது. இப்படி நூற்று முப்பத்தேழு தினுசாக வெட்டி ஒட்டி, பன்னிரண்டாவது கட்டத்தில் இருந்த பதில் கிடைத்ததும் நின்றுவிட்டது. தம்பியின் பதிலுக்கு அவ்வளவு சிரமப்படவில்லை. மூன்றே தடவையில் முடித்துக்கொண்டது.

"நான் யாரையும் ஏமாத்தலையே" என்றார் சித்தர் பரிதாபமாக. "அவங்கவங்க விரும்பினதைத்தானே குடுத்தேன்?"

அந்த ஆண்டு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அன்று மதியமே அக்காவும் தம்பியும் நாலு மாணவிகளோடு உட்கார்ந்து, எதையும் வெட்டாமல் எண்ணினார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு நூற்று அறுபது. காப்பகம் போனால் வேலையை விடுவேன் என்றவர்கள் நூற்றுப் பதினெட்டு. தலைவர் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதை வாங்கிக்கொண்டு போனார். காப்பகம் மூடப்படவில்லை.

எல்லாம் முடிந்து அக்கா படியிறங்கும்போது ஒரு மூத்த பேராசிரியர் அவசரமாக வழிமறித்தார்.

"ஏம்மா, ரெண்டு முடிவுல எது சரின்னு அந்தச் சித்தர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

பெரியோர்களே, அறிஞர்களே! யோசிக்கும் வேலையை ஒரு பெட்டிக்குக் குத்தகை விட்டுவிட்டால், கழுத்துக்கு மேலே இருப்பது எதற்கு? மூக்குக்கண்ணாடி மாட்டவா?